கடல் கடக்கும் ஏற்பாடும் நொய்யற் கரையும்

பண்டைத் தமிழரின் கடல்வாணிகம் குறித்து எழுந்த கட்டுரைகள் பலவும் துறைமுகத்தில் தொடங்கித் துறைமுகத்திலேயே முடிகின்றன. முசிறியும் தொண்டியும் கொற்கையும் புகாரும் அவற்றுள் விரித்துரைக்கப்படும். நாவாயும் வங்கமும் பேசப்படும். ஆயின், ஒரு கலம் பாய் விரித்துப் பெருங்கடலைக் கடப்பதற்கு முன் நிகழவேண்டிய ஏற்பாடுகள் யாவை, அவை எங்கெங்கு நடந்தன, எத்தனை திங்கள் முன்னரே தொடங்கின என்னும் வினாக்கள் போதிய அளவில் ஆராயப்பட்டில. கலம் புறப்படும் நாளே பயணத்தின் முதல் நாள் என்று கொள்ளும் வழக்கம் இதற்குக் காரணமாகலாம்.

கடலிலிருந்து மிகச் சேய்மையில், மலைகட்கு இடைப்பட்டுக் கிடக்கும் ஒரு நிலப்பகுதியைக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது நொய்யலாற்றுப் பள்ளத்தாக்கு. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, பேரூர், வெள்ளலூர், திருப்பூர் ஆகிய ஊர்களைத் தொட்டு, கொடுமணலைக் கடந்து காவிரியிற் கலக்கும் இவ்வாறு, பழைய நூல்களில் காஞ்சி எனவும் வழங்கப்பெற்றது. இன்று பின்னலாடைத் தொழிலாற் பெயர் பெற்றுள்ள இப்பகுதியில் துணிக்கும் கப்பலுக்கும் உள்ள தொடர்பை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. சரக்குப் பெட்டகம் ஏறும் நாள் தவறினால் நேரும் இழப்பை இங்குள்ள ஒவ்வொரு பட்டறையாரும் அறிவர். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னும் இக்கரையில் வாழ்ந்த தொழிலாளர் கப்பல் நாளுக்குக் கட்டுப்பட்டிருந்தனர் என்பதே நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

முதற்கண் கப்பல் நாளை அறிதல் வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி இதனைத் தெளிவாகக் கூறியுள்ளார். எகித்தின் செங்கடற் றுறையாகிய பெரனிகேயினின்று நடுக்கோடையில், நாய்விண்மீன் தோன்றும் காலத்தை ஒட்டிக் கலங்கள் புறப்படும். முப்பது நாளில் அரேபியக் கரையிலுள்ள ஒகேலிசை அடையும். அங்கிருந்து பருவக்காற்றுத் துணைசெய்ய நாற்பது நாளில் முசிறியை அடையலாம். திரும்பும் காலம் திசம்பர் திங்கள். எவ்வாற்றானும் சனவரி 13-ஆம் நாளுக்கு முன் புறப்பட்டுவிட வேண்டும் என்கிறார் அவர். அதே நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுந்த 'எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் நூலும் சூலைத் திங்களே எகித்திலிருந்து புறப்படுதற்கு உரியது என்கிறது.

இவ்விரு கூற்றுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், யவனர் கலங்கள் புரட்டாசித் திங்களை ஒட்டி முசிறிக்கு வந்து, மார்கழி முடியுமுன் மீண்டன என்பது பெறப்படும். ஆகவே சரக்கு இறக்கி, சரக்கு ஏற்றி, கலத்தைச் செப்பம் செய்து, நீரும் உணவும் சேர்த்துக்கொள்ள அவர்கட்குக் கிடைத்தவை ஏறத்தாழ நூறு நாட்களே. அந்நாட்களிலும் ஒரு பகுதி வடகிழக்குப் பருவமழைக்கு உரியது. இந்நூறு நாள் என்னும் அளவு நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையானது.

இனி அக்கலங்கள் ஏற்றிச்சென்ற பொருள்களை நோக்குவோம். மிளகே முதன்மையானது, அது மேற்கு மலைச்சரிவின் விளைவு. கொட்டநாரா என்னும் நாட்டினின்று ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடங்களில் மிளகு துறைக்குக் கொண்டுவரப்பட்டதைப் பிளினி குறிப்பிடுகின்றார். முசிறியில் பெருங்கலங்கள் கரையை அணுக இயலாமையால் சிறு படகுகளே இடைநின்று சுமந்தன என்றும் அவர் கூறுவர். கலத்திலிருந்து பொன் தோணிகளால் கரைசேர்ந்த செய்தியைப் பரணர் பாடிய புறநானூற்று 343-ஆம் பாட்டும் குறிக்கின்றது. அயல்நாட்டார் ஒருவரும் நம் புலவர் ஒருவரும் ஒருவரையொருவர் அறியாது ஒரே காட்சியைப் பதிவு செய்துள்ளமை மகிழ்தற்குரியது.

மிளகையும் முத்தையும் யானைக்கோட்டையும் அடுத்து, பெரிப்ளூஸ் நூலார் ஒளி ஊடுருவும் மணிகள் பலவற்றையும் முசிறிப் பகுதி ஏற்றுமதியுள் வைத்து எண்ணுகின்றார். இவற்றுள் நீலப்பச்சை நிறமுடைய பெரில் என்னும் மணிக்கல் இந்தியாவன்றிப் பிற நாடுகளில் கிடைத்தல் அரிது என்பது பிளினியின் கூற்று. இந்தியர் அதனை நீளமாக வைத்துப் போற்றினர் என்றும், துளையிட்டு யானை மயிரிற் கோத்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். பளிங்கிற்குச் சாயமேற்றிப் போலி மணிகள் செய்தனர் என்றும் இந்தியரைக் குறை கூறுகின்றார். வாங்குவோர் நாட்டில் விலை உயர்ந்தால் விற்போர் நாட்டில் போலி பெருகுதல் எக்காலத்தும் உள்ளதே.

அப்பெரில் கல் கிடைத்த இடங்களுள் ஒன்று, இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயத்தை அடுத்துள்ள படியூர். 1819-20-இலும் அங்கு அக்கல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. படியூரிலிருந்து ஒருநாள் நடைத் தொலைவிற்குள் நொய்யலின் வடகரையில் கொடுமணல் உள்ளது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய அகழாய்வுகளும், பின்னர்த் தொல்லியல் துறையும் புதுவைப் பல்கலைக்கழகமும் நிகழ்த்திய அகழாய்வுகளும் அவ்வூரை ஒரு பெருந்தொழிலூராக வெளிப்படுத்தியுள்ளன. பெரில், நீலம், சூதுபவளம், பளிங்கு முதலிய கற்களில் வேலைப்பாடு நடந்தமைக்குச் சான்றாக மூலக்கற்களும், செதுக்கிய சில்லுகளும், துளையிடப்பெறாத அரைகுறை மணிகளும் அங்குக் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கிலும் வெளிப்பட்டன.

இவ்வூரே பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப்பட்டது என்பது அறிஞர் பலர் உடன்பட்ட முடிபு. கபிலர் பாடிய 67-ஆம் பாட்டிலும் அரிசில் கிழார் பாடிய 74-ஆம் பாட்டிலும் அப்பெயர் வருகின்றது. அங்ஙனம் வரும் இரண்டு இடத்தும் பந்தர் என்னும் ஊர்ப்பெயரும், கடல்முத்தும் உடன் வருதல் நோக்கத்தக்கது. அருங்கலம் செய்யும் உள்நாட்டூரும் முத்துக்குப் பெயர்போன ஊரும் புலவர் உள்ளத்தில் இணைந்தே நின்றன. இருவேறு புலவர், இருவேறு சேர மன்னரைப் பாடுங்கால், அவ்விரு பெயர்களையும் ஒருங்கு வைத்தமை தற்செயல் நிகழ்ச்சி அன்று. சேரர் செல்வத்திற்கு அவ்விரண்டும் இரு முனைகள் என்னும் உணர்வு அக்காலத்தே இருந்தது எனக் கொள்ளலாம்.

இங்கு நூறு நாட்கணக்கை மீண்டும் நினைவு கூர்வோம். கொடுமணலுக்கும், முசிறியெனப் பலரும் கருதும் கேரளத்துப் பட்டணம் என்னும் ஊருக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 180 கி.மீ. வழி வளைந்து செல்லுமாதலின் நடைத்தொலைவு இன்னும் மிகும். சுமைவிலங்குகளுடன் செல்வோர் நாளொன்றுக்கு 15 கி.மீ. கடந்தனர் எனக் கொண்டால், ஒருமுறை செல்லவே பதினைந்து நாள் வேண்டும்; போய்வர ஒரு திங்கள் கழியும். கலம் வந்த பின்னரே ஆள் அனுப்பி, அதன் பின்னரே கல்லைத் தோண்டி, அறுத்து, பட்டைதீட்டி, துளையிட்டு அனுப்புவது என்பது இயலாத செயல். பெரில் கடினமான கல். அதிற் காணும் நுண்டுளை பொறுமையுடன் பலநாள் உழைத்து இடப்பட்டது. மேலும் ஐப்பசி கார்த்திகையில் நொய்யலில் வெள்ளம் வரும் காலம். ஆதலின், மார்கழியில் முசிறியை விட்டு நீங்கும் கலத்துக்குரிய மணிகள் அவ்வாண்டுக் கோடையிலேயே கொடுமணற் பட்டறைகளில் தொடங்கப்பட்டிருத்தல் வேண்டும். அப்பொழுது, அவற்றை ஏற்றவேண்டிய கலம் எகித்துத் துறையிலிருந்து இன்னும் புறப்பட்டிராது. இது நம் ஊகமே எனினும், காற்றின் காலமும் வழியின் நீளமும் வேறு முடிவுக்கு இடந்தரவில்லை.

இங்ஙனமாயின், வாராத கலத்தை நம்பி உழைத்தோர்க்குப் பொருளுதவி செய்தவர் யார் என்னும் வினா எழும். அதனைப் பின்னர்க் காண்போம்.

வழியைப் பற்றிச் சில சொற்கள். மேற்குத்தொடர் மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே அகன்ற தாழ்ந்த வாயில். ஒகேலிசிலிருந்து கலங்களைத் தள்ளிவந்த அதே மேல்காற்றே இக்கணவாயிற் புகுந்து கொங்குநாட்டில் ஆடிக்காற்றாக வீசுகின்றது. பல்லடம், உடுமலைப் பக்கங்களில் இந்நாளிற் காற்றாலைகள் நிறைந்து நிற்பதும் அது பற்றியே. கணவாயின் கீழ்ப்பால் நொய்யற் கரையே இயற்கை வழி. 1842-இல் வெள்ளலூரில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன. 1913-இல் கொடுமணலுக்கு அண்மையிலுள்ள காத்தாங்கண்ணியிலும் வெள்ளிக்காசுப் புதையல் வெளிப்பட்டது. காசு கிடைத்தமை கொண்டே யவனர் நேரில் அங்கு வந்தனர் என முடிவு கட்டுதல் பொருந்தாது. காசு கைமாறி வருவது. வழி இருந்தது, அவ்வழியிற் பெருமதிப்புள்ள பொருள் இயங்கியது என்ற அளவில் அமைதலே முறை. பிற்காலத்தில் இராசகேசரிப் பெருவழி எனக் கல்வெட்டுப் பொறிக்கப்பெற்றதும் கோயம்புத்தூருக்கு மேற்கே கணவாயை நோக்கிய இப்பகுதியில்தான்.

அவ்வழியிற் செல்வோரின் ஏற்பாடும் கடற்செலவின் ஏற்பாட்டை ஒத்ததே. பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்தினையும், சுங்கம் கொள்ளும் பெருவழியின் கவர்த்த இடங்களை வில்லேந்தியவர் காத்தமையையும் கூறுகின்றது. அது தொண்டை நாட்டு வழியே எனினும், அக்கால வழிகளின் பொதுவியல்பு அதனால் விளங்கும். யவனர் கலங்களும் கடற்கொள்ளையர்க்கு அஞ்சி வில்வீரர் குழுக்களை ஏற்றிச் சென்றன எனப் பிளினி உரைக்கின்றார். உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச்செல்லும் வழக்கத்தை ஒளவையார் 102-ஆம் புறப்பாட்டில் உவமையாக ஆள்கின்றார். இடைவழியில் முரிந்தால் மாற்றுவதற்கு இன்னொன்று வேண்டும் என்னும் முன்னறிவு நிலவழிச் செல்வார்க்கும் நீர்வழிச் செல்வார்க்கும் ஒன்றேயாம்.

கடலில் அங்ஙனம் மாற்றுப்பொருள் வேண்டுவனவற்றுள் தலையாயது பாய். இப்பொருளில் அண்மைக் காலத்துச் சான்றுகள் பெரிதும் வியப்புக்குரியன. ஆதலின் சற்று விரிவாகவே கூறுகின்றோம்.

பண்டைக் கலங்களின் பாய்கள் மட்கி மறைந்துவிட்டமையால், அவை எதனாற் செய்யப்பட்டன என்பது நெடுங்காலம் எழுத்துச் சான்றுகளைக் கொண்டே கருதப்பட்டது. 1994 முதல் பெரனிகேயிலும், 1999 முதல் 2003 வரை மையோசு ஒர்மோசு என்னும் மற்றொரு செங்கடற் றுறையிலும் நிகழ்ந்த அகழாய்வுகள் இந்நிலையை மாற்றின. பாலை மணலின் வறட்சி துணியைக் காத்து வைத்திருந்தது. கிடைத்த துணிக்கந்தைகளுட் சில கலப்பாயின் துண்டுகள் என அறியப்பட்டன. பாயின் மீது வலிவுக்காக வைத்துத் தைக்கப்பட்ட பட்டைகளும், பாயைச் சுருக்கும் கயிறுகள் ஓடுதற்கு அமைந்த வளையங்களும் அம்முடிவுக்குச் சான்று. பட்டை வைத்து வளையம் கோக்கும் இம்முறை மத்தியதரைக் கடலினர்க்கு உரியது. ஆனால் துணியோ பருத்தி. அதன் நூலும் எகித்தியர் நூலன்று. எகித்தில் நூற்ற நூலில் 'எஸ் முறுக்கு' இருக்கும். இப்பாய்த்துணிகளில் ஊடும் பாவும் இரண்டும் 'இசட் முறுக்கு' உடையன. இம்முறுக்கு இந்தியப் பருத்திநூலின் அடையாளம் எனத் துணியாய்வாளர் கொள்கின்றனர். நூற்பாலைகளில் இன்றும் இவ்விரு பெயர்களே வழங்குவதால், இவ்வேறுபாடு திருப்பூர்ப் பகுதியினர்க்கு எளிதில் விளங்கும்.

எனவே, யவனர் முறையில் தைக்கப்பட்டு இந்தியத் துணியால் ஆகிய பாய்கள் செங்கடற் கலங்களில் விரிந்தன. இதற்கு இரு விளக்கங்கள் கூடும். இந்தியத் துணி சரக்காகச் சென்று செங்கடற் றுறைகளிற் பாயாகத் தைக்கப்பட்டிருக்கலாம். அன்றி, யவனர் கலங்கள் இந்தியத் துறைகளிற் றங்கிய நாட்களில், வரும்வழியிற் கிழிந்த பாய்க்கு மாற்றாக ஈண்டே புதிய பாய் கட்டிக்கொண்டிருக்கலாம். பருவக்காற்றின் முழு வலிமையையும் நாற்பது நாள் தாங்கிய பாய் பழுதுறாது வந்து சேர்தல் அரிதாகலின், இரண்டாவது விளக்கம் ஒதுக்கத் தக்கதன்று.

இவ்விடத்துக் கொங்குநாட்டுப் பற்றுடையார்க்கு ஓர் ஆசை எழும்; நமக்கும் எழுந்தது. கொடுமணல் அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்துள்ளன. இரும்புக் கம்பி கோத்தனவும் அவற்றுள் உண்டு. கரிசல் மண்ணும் பருத்தியும் இப்பகுதிக்குப் புதியன அல்ல. ஆதலின் உரோமக் கலங்களின் பாய் நொய்யற் கரையில் நூற்கப்பட்டது எனக் கூறிவிடலாகாதா? ஆகாது என்பதே நம் விடை. தக்களி நூற்றலுக்குச் சான்று. ஏற்றுமதிக்குச் சான்று அன்று. பெரிப்ளூஸ் நூலார் முசிறியின் ஏற்றுமதிப் பொருள்களுள் பருத்தித் துணியைக் கூறவில்லை. துணியைப் பெருவாரியாக அவர் கூறுவது குச்சரத்துப் பாரிகாசாத் துறைக்கே. தமிழகத்தில் அர்காரு என்ற உறையூரின் மென்றுகிலையே சிறப்பித்துச் சொல்கின்றார். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் அறுவை வாணிகன் ஒருவன் காணப்படுகின்றான். ஆனால் அவனைக் காண்பது மதுரையை அடுத்த அழகர்மலையில். கருவூருக்கு அண்மையிலுள்ள புகழூர்க் கல்வெட்டில் வருபவன் பொன் வாணிகன். 'இசட் முறுக்கு' இந்தியா என்னும் பரப்பைக் காட்டுமேயன்றி, அதனுள் ஓர் ஊரைக் காட்டாது. செங்கடற் பாயில் குச்சரத்துப் பருத்தி இருக்கலாம், சோழநாட்டுப் பருத்தி இருக்கலாம், கொங்குப் பருத்தியும் இருக்கலாம். இன்றுள்ள சான்றுகளால் தேர்ந்து கூறுதல் இயலாது. படியூர்க் கல்லும் கொடுமணற் பட்டறையும் ஐயமற நிற்கும்போது, நிறுவ இயலாத பாயைப் பிடித்துத் தொங்குவது அவ்வுண்மைச் சிறப்பையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

உணவு, நீர் ஏற்பாடுகளைப் பற்றிப் பெரனிகே அகழாய்வு சில குறிப்புகளைத் தருகின்றது. அரிசியும் தேங்காயும் பச்சைப்பயறும் அங்குக் கிடைத்துள்ளன. இவை விற்பனைக்கு வந்த பண்டங்கள் என்பதினும், கலத்திற் சென்ற இந்தியர் உண்டவற்றின் எச்சம் என்பது பொருத்தமாகும். அங்ஙனம் சென்றவருள் தமிழரும் இருந்தனர். மையோசு ஒர்மோசில் கணன், சாதன் என்னும் பெயர்களும், பெரனிகேயில் கொறபூமான் என்னும் பெயரும் தமிழ்ப் பிராமியில் எழுதப்பட்ட ஓடுகள் கிடைத்துள்ளன. மையோசு ஒர்மோசில் கிடைத்த மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' என்னும் தொடரை ஐராவதம் மகாதேவன் படித்துள்ளார். ஒறி என்பது உறியே. ஆடும் கலத்திற் பானையைத் தரையில் வைத்தல் ஆகாது. உறியில் தூக்குதலே தகும். வீட்டு உறி கடலுக்கும் சென்றது போலும்.

இனி முன்னர் நிறுத்திவைத்த வினாவுக்கு வருவோம். வியன்னா நகரில் உள்ள ஒரு பாப்பிரசு ஏடு 1985-இல் வெளியிடப்பட்டது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வேட்டின் ஒரு பக்கம் முசிறிப் பயணத்துக்கெனப் பெற்ற கடனைப் பற்றியது. மறுபக்கம் எர்மபொல்லோன் என்னும் கலத்திற் சென்ற சரக்கின் மதிப்பு. கங்கைப் பகுதி நறுமணப்பொருளும் யானைக்கோடும் அச்சரக்குள் அடங்கும். செங்கடலிலிருந்து பாலைநிலத்தை ஒட்டகத்திற் கடந்து, நைல் ஆற்று வழியே அலெக்சாந்திரியா சேர்ந்து, நான்கில் ஒரு பங்கு சுங்கம் இறுக்கும்வரை ஒவ்வொரு படியிலும் பொருளுக்குப் பொறுப்பாளி யார் என்பதை அவ்வேடு வரையறுக்கின்றது. கடலின் அக்கரையில், கலம் கட்டவிழ்க்குமுன் பொருளுதவி செய்த கை நமக்குத் தெரிகின்றது.

இக்கரையில் அத்தகைய ஏடு இல்லை. பியூதிங்கர் வரைபடத்தில் முசிறியை அடுத்து அகத்தசுக் கோயில் ஒன்று குறிக்கப்பட்டிருத்தல், கலங்கள் மீண்ட பின்னும் யவனர் சிலர் அங்குத் தங்கியிருந்தனர் என்னும் கருத்துக்கு இடந்தருகின்றது. தங்கியவர் கோடைக்காலத்தே உள்நாட்டுப் பட்டறைகட்கு முன்பணம் தந்திருத்தல் கூடும். ஆனால் அது ஒன்றே வழியன்று. வணிகர் குழுவைக் குறிக்கும் நிகமம் என்னும் சொல் மாங்குளம் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தோர் என வந்துள்ளது. அச்சொல் கொடுமணலிற் கிடைத்த ஓர் ஓட்டிலும் 'நிகம' எனக் காணப்படுகின்றது. வாராத கலத்தை எதிர்நோக்கிக் கல்லறுத்தோர்க்குக் கூலியும் நெல்லும் முன்னளித்து, மணிகளைத் திரட்டி, சாத்தொடு கணவாய்க்கு அனுப்பியவர் அக்குழுவினராக இருத்தல் கூடும். அவ்வோட்டில் அச்சொல்லுக்கு மேல் ஒரு பெயரோ தொகையோ இல்லை.